எங்க குடும்பத்துல ஆருக்கும் ஒண்ணுமில்லீங்க

சண்டைக்காரங்ககிட்ட விசாரிச்சாத்தான் பொண்ணு வூட்டு நெசம் வெளிய வரும்னு உங்க காங்கேயம் பக்கமும் சொல்லுவாங்களா? எங்க பக்கம் அப்படித்தானுங்க. சொந்தக்காரங்களக் கேட்டா பூசி மெழுகுவாங்க. புரோக்கரக் கேட்டா கோயிலே கட்டிருவான். பேச்சுவார்த்தை இல்லாதவங்க ஊட்டுக்குப் போயி ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சா எல்லாம் தன்னால வந்துரும்பாங்க. அதுக்குத்தான புரோக்கருக்குக் கூடச் சொல்லாம பஸ் ஏறி நேரா எங்கூட்டுக்கு வந்தீங்க? உள்ளதச் சொல்லுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். எம்பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப நானும் இதையேதான் பண்ணுனேன். உக்காருங்க. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க.

ஆமாங்க, கோகிலாமணி எங்கூடப் பொறந்தவதான். நாங்க ரெண்டே பேரு. நான் மூத்தவ, வசந்தாமணி. அவ எளையவ. அவ வூடு ரெண்டு வீதி தள்ளி. எங்க மாடியேறி நின்னா அவ துணி காயப் போடறது தெரியும். ஆனாப் பேச்சு கெடையாது. மூணு வருசமாக் கெடையாது. ஒரு சீருக்கு, ஒரு எழவுக்குப் போனாலும் அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

அவ பொண்ணு தாரணியத்தான பெங்களூருல வேலையில இருக்கற உங்க பையனுக்குக் கேக்கறீங்க? நல்ல பொண்ணுங்க. தங்கமான பொண்ணு. பெத்தவ கூட எனக்குப் பேச்சில்லைங்கறதுக்காக அந்தப் புள்ளையப் பத்தி நாக்கு மேல பல்லப் போட்டு நான் ஒரு சொல்லுச் சொல்ல மாட்டேன். கோயில்ல பாத்தா இன்னைக்கும் "பெரீம்மா"ன்னு ஓடி வரும். நாந்தான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். காப்பி குடிங்க, ஆறுது.

என்ன கேட்டீங்க? கொஞ்சஞ் சத்தமாச் சொல்லுங்க. இங்க ஆருமில்ல, எம்பொண்ணு மைதிலி வேலைக்குப் போனவ பொழுது சாஞ்சுதான் வருவா.

மனசு சம்பந்தமா எதாச்சும் சீக்கு இருக்குதான்னா?

எங்க குடும்பத்துல ஆருக்கும் ஒண்ணுமில்லீங்க. எங்க குடும்பம் சுத்தமான குடும்பம். எங்களப் பெத்த அய்யன் எப்பேர்ப்பட்ட மனுசன்னு இந்த ஊருல ஆர வேணாலும் கேளுங்க. மஞ்சா வெள்ளாமையில அவர அடிச்சுக்க ஆளில்ல. என்ன, அப்பப்பப் பேச மாட்டாரு. அவ்வளவுதான். திடீர்னு மாட்டுக் கொட்டாயில கட்டலப் போட்டுச் செவுத்தப் பாத்துப் படுத்துக்குவாரு. ஒரு மாசமும் ஆகும், மூணு மாசமும் ஆகும். சோத்த வெச்சா நாய் திங்கும். பொறகு ஒரு நாளைக்கு எந்திரிச்சு, தலைக்குத் தண்ணிய ஊத்திக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வரப்புல நடப்பாரு. எங்கம்மாளக் கேட்டா, "மஞ்சா வெல போயிருச்சல்ல, அந்த வெசனம்"பா. வெல நல்லா இருந்த வருசமும் படுத்தாரு. அதுக்கு வேற எதாச்சும் காரணம் இருந்திருக்கும். ஆம்பளைக்கு ஆயிரம் இருக்கும், பொம்பளைககிட்டச் சொல்லீட்டா இருப்பாங்க?

கெணத்துல உழுந்துதான் செத்தாரு. கால் தவறிருச்சு. படியெல்லாம் பாசி. அந்தக் கெணத்துல சொரப்புருடையக் கட்டி எங்க ரெண்டு பேத்துக்கும் நீச்சல் பழக்குனதே அவருதான். ஊருப் புள்ளைக பாதிக்கு அவருதான் பழக்குனாரு. நீச்சக்காரனுக்குத் தண்ணியிலதான் கண்டம்னு சும்மாவா சொன்னாங்க? போலீசு வந்து கேட்டப்பவும் எங்கம்மா அதையத்தான் சொன்னா. கால் தவறிருச்சு. அதுக்கு மேல அந்தப் பேச்ச நாங்க எடுத்ததில்ல.

என்னையக் கேக்கறீங்களா? எனக்கென்ன? நான் இரும்பு. மைதிலி பொறந்தப்ப மட்டும் கொஞ்ச நாளு படுத்திருந்தேன். கொழந்தை அழுவும், எனக்குத் தூக்கத் தோணாது. செவுத்துல பல்லி போறதப் பாத்துக்கிட்டே கெடப்பேன். அது பச்சை ஒடம்பு, எல்லாத்துக்கும் வரதுதான். அப்பறம் எங்கூட்டுக்காரரு போனப்ப ஒரு வருசம் எந்திரிக்கல. புருசன் போனா ஆருங்க ஆடிப் பாடிக்கிட்டு இருப்பா? இப்பவும் வெடியால கண்ணு முழிச்சதும் நெஞ்சு மேல அம்மிக்கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கும். எதுக்குடா விடிஞ்சுதுன்னு இருக்கும். அது வாயுங்க. ஓமத்தண்ணி குடிச்சாச் செரியாப் போயிரும். செரியாப் போவுதான்னு கேட்டாப் போவறதில்ல. ஆனா வாயுதான்.

நான் சொல்ல வரது என்னன்னா, எங்க எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்குதுங்க. காரணம் இருந்தா அது வெசனம். காரணமே இல்லாம அழுதாத்தான் சீக்கு. அந்தக் கணக்குல பாத்தா எங்க வம்சத்துல கோகிலா ஒருத்திதான்.

அவளுக்கு என்னங்க கொறைச்சல்? மஞ்சா மண்டி வெச்சிருக்கற புருசன். அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். சொந்த வூடு, வாசல்ல காரு. ஒரு நாளைக்கு நான் போறேன், தயிருச் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே அழுதுக்கிட்டு இருக்கறா. "ஏண்டி, ஆரு என்ன சொன்னா?"ன்னேன். "ஆருமே ஒண்ணும் சொல்லலக்கா, எனக்கே தெரியல, உள்ள எதோ அணைஞ்சு போன மாதிரி இருக்குது"ன்னா. "கொழுப்புடி உனக்கு"ன்னு வெச்சு வாங்கிட்டு வந்தேன். நாலு நாள் கழிச்சு அவ புருசன் கோயமுத்தூருல ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டான். ஆட்டு மந்தையாட்டம் சனம் உக்காந்திருக்கற எடத்துல!

நாந்தான் போயிச் சத்தம் போட்டேன். ரெண்டு ஊட்டுலயும் பொட்டப் புள்ளைக வளருது, வெளிய தெரிஞ்சா ஒருத்தனாவது வாசப்படி மிதிப்பானான்னு கேட்டேன். பல்லு டாக்டர்கிட்டப் போறேன்னு சொல்லிக்கன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அவளும் வருசக்கணக்கா அப்படியேதான் சொன்னா. ஊருல பாதிச் சனம் அவ வாயில ஒரு பல்லுமில்லைன்னே நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க சிரிக்கறீங்க. நான் அன்னைக்குப் பண்ணுனது மானத்தக் காப்பாத்துன வேலைங்க.

முதல்ல குடுத்த மாத்திரை அவளுக்கு ஒத்துக்கல. வேற குடுத்தாங்க, அதுவும் ஆவல. மூணாவதா ஒண்ணு குடுத்தாங்க பாருங்க, கொஞ்ச நாள்ல ஆளு பழையபடி ஆயிட்டா. பிரிட்ஜு மேல ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருப்பா. நான் போறப்பெல்லாம் அதையத் தூக்கி அலமாரிக்குள்ள வெப்பேன். வர சனம் பாத்தா என்ன நெனைக்கும்?

இருங்க, எம்பொண்ணு கதைக்கு வாரேன். அதையக் கேட்டாத்தான் நான் ஏன் அவகூடப் பேசறதில்லைன்னு உங்களுக்கு வெளங்கும்.

மைதிலி திருப்பூருல பனியன் கம்பெனி ஆபீசுல இருக்கறா. தாராபுரத்துல ஒரு எடம் வந்துச்சு. டைல்ஸ் கடை, ஒரே பையன், தோட்டங்காடு. பேசி முடிச்சு, நிச்சயத்துக்கு உப்புச் சக்கரை வாங்க நாளும் குறிச்சாச்சு. அந்த நேரம் பாத்துக் கம்பெனியில எதோ ஆர்டர் திரும்பி வந்துருச்சுன்னு மேனேஜர் எல்லாப் புள்ளைகளையும் நிக்க வெச்சுத் திட்டிப்போட்டான். மத்த புள்ளைக பாத்ரூமுக்குப் போயி அழுதுபோட்டு, டீயக் குடிச்சுட்டு வேலையப் பாத்துச்சுக. எம்பொண்ணு ஊட்டுக்கு வந்து படுத்தவ படுத்தவதான். தலை சீவ மாட்டா, பல்லு வெளக்க மாட்டா. மாப்பிள்ளப் பையன் போன் பண்ணுனா எடுக்க மாட்டா. "அம்மா, நான் எதுக்கும் லாயக்கில்ல"ம்பா. கல்யாணக் களையே இல்லைன்னு பாக்கறவங்க கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. நானும் மந்திரிச்சுத் தாயத்துக் கட்டுனேன். வேப்பெண்ண கூடத் தேச்சுப் பாத்தேன்.

ஆவாமத்தான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். கோகிலா பாக்கற டாக்டர் இல்ல, வேற ஒருத்தரு. எங்க சனம் ஆரும் போவாத எடமாப் பாத்துப் போனேன். அந்த டாக்டரு சின்ன வயசு. ஒரு தாள எடுத்துக் கட்டமும் வட்டமுமா என்னமோ கோலம் போடற மாதிரி போட்டாரு. ஆம்பளைன்னா கட்டமாம், பொம்பளைன்னா வட்டமாம். "உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா, யாராவது மருந்து சாப்புட்டு நல்லாயிருக்காங்களா? சொன்னீங்கன்னா எனக்கு உதவியா இருக்கும்"னாரு. நான் நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னேன், "எங்க குடும்பத்துல ஆருக்கும் ஒண்ணுமில்லீங்க." மைதிலியும் தலையத் தலைய ஆட்டுனா. அவளுக்கு என்ன தெரியும்? அவ சின்னம்மாளுக்குப் பல்லு வலின்னுதான் அவளுக்கும் தெரியும்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நீங்களும் ஒரு தாய்தான? உப்புச் சக்கரை வாங்க நாள் குறிச்சு வெச்சிருக்கறப்போ, முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தன்கிட்ட எந்தங்கச்சி பைத்தியம், எங்கய்யன் கெணத்துலன்னு கொட்டச் சொல்றீங்களா? ஊரு வாய மூட ஒலமூடி உண்டுங்களா?

அவரு ஒரு மாத்திரை குடுத்தாரு. எம்பொண்ணு தின்ன சோறெல்லாம் வாந்தியா எடுத்தா. போயிச் சொன்னதுக்கு வேற ஒண்ணு குடுத்தாரு. அதுல தூங்குனா பாருங்க, தீ வெச்சாக்கூடத் தெரியாது. ஒடம்பு ஊதிப் போச்சு. கல்யாணத்துக்குத் தெக்கக் குடுத்த ரவிக்கை கையில ஏறல. மாசம் போவுது, முகத்துல மட்டும் வெளிச்சமே இல்ல. "மருந்து ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும்மா, தேடித்தான் பிடிக்கணும், பொறுங்க"ன்னாரு. நான் எங்க பொறுக்கறது? மாப்பிள்ளை ஊட்டுல ஏன் நாளத் தள்ளறீங்கன்னு கேக்கறாங்க.

கோகிலாளோட மாத்திரை நெனப்பு வந்துச்சான்னா? வந்துச்சு. ஏன் வராம? அந்த டப்பா எங்கண்ணு முன்னாலயே நிக்கும். ஆனா அதையச் சொன்னா, அது ஆருக்குக் குடுத்ததும்பாங்க. எந்தங்கச்சிக்குன்னு சொல்லோணும். எதுக்கும்பாங்க. ஒரு நூலப் புடிச்சு இழுத்தா மொத்தச் சேலையும் வந்துருமேங்க.

அப்பறம் ஒரு நாளு மத்தியானம் பால்காரரு எம்பொண்ண வண்டியில உக்கார வெச்சுக் கூட்டிட்டு வராரு. வாய்க்கா மேட்டுல, மதகுகிட்டச் செருப்பக் கழட்டி வெச்சுட்டு உக்காந்திருந்தாளாம். வாய்க்கால்ல தண்ணி தளும்பத் தளும்பப் போற நேரம். "ஏனம்மிணி இங்க"ன்னு இவரு கேட்டதுக்குத் தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்தாளாம். காத்து வாங்கப் போயிருக்கறா. நாலு செவுத்துக்குள்ள அடைஞ்சு கெடந்த புள்ள, காத்து வாங்கோணும்னு தோணியிருக்கும். செருப்ப எதுக்குக் கழட்டுனான்னா, மண்ணு ஈரமா இருந்திருக்கும். நான் பால்காரர்கிட்டயும் அதையத்தான் சொன்னேன். அந்தாளு என்ன பண்ணுனாரு தெரியுங்களா? நேரா கோகிலா ஊட்டுக்குப் போயிச் சொல்லிப்போட்டாரு.

வந்தா பாருங்க எந்தங்கச்சி! செருப்புக் காலோட உள்ள வந்தா. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. மைதிலி தலைய மடியில வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் தடவிக் குடுத்தா. அப்பறம் எம்பக்கம் திரும்புனா. "அக்கா, எங்கய்யன உட்ட மாதிரி இவளையும் உடச் சொல்றியா?"ன்னா. அப்படியே எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. "எங்கய்யனுக்குக் கால் தவறிருச்சுடி"ன்னு கத்துனேன். "நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்"ன்னா. அந்தப் பேச்சு இந்த ஊட்டுக்குள்ள எப்பவுமே வந்ததில்லீங்க. எம்பொண்ணு முன்னால, வாய் கூசாமச் சொல்றா.

அன்னைக்கே கார எடுத்துட்டு மைதிலி பாக்கற டாக்டர்கிட்டப் போனாங்க. உடுவனா, நானும் ஏறிக்கிட்டேன். அங்க போயி அவ என்ன பண்ணுனாங்கறீங்க? கைப்பையிலிருந்து அவ மாத்திரை அட்டைய எடுத்து டாக்டர் மேசை மேல வெச்சா. "டாக்டர், எனக்கு முதல் ரெண்டு மருந்து கேக்கல, இது கேட்டுச்சு. நான் இவளுக்குச் சின்னம்மா. எங்கப்பாவும் இதுலதான் போனாரு"ன்னா. அந்த மனுசன் பழைய தாளத் தேடியெடுத்து, எங்கய்யன் கட்டத்தக் கருப்படிச்சாரு. கோகிலா வட்டத்தக் கருப்படிச்சாரு. அதோட உட்டாளா? "எங்கக்காளுக்கும் ரெண்டு தடவை வந்துச்சுங்க, இப்பவும் இருக்குதுன்னு நெனைக்கறேன்"னா! பக்கத்துல குத்துக்கல்லாட்டம் நான் உக்காந்திருக்கேன்! என் வட்டத்தையும் பாதி அடிச்சுட்டாரு.

நான் உட்டனா? ஒரே கேள்விதான் கேட்டேன். "ஏனுங்க டாக்டர், சின்னம்மாளுக்கு இருக்கற சீக்கு அக்கா மகளுக்கு எப்படிங்க வரும்? நடுவுல நானில்ல இருக்கறேன்? எனக்கில்லையே?"ன்னேன். பேனாவ மூடிக்கிட்டு என் மூஞ்சியவே பாத்தாரு. படிச்சவங்களுக்கு நறுக்குன்னு நாலு கேட்டா வாயடைச்சுப் போயிரும்.

அப்பறம் மெதுவா என்னமோ சொன்னாரு. சொத்து எழுதி வெக்கற மாதிரி இது ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்கு அப்படியே வந்து சேர்றதில்லையாம். சின்னச் சின்னதா எத்தனையோ சேந்து வரதாம். குடும்பத்துல இருந்தா வந்தே தீரும்னும் இல்லையாம், இல்லாட்டி வராதுன்னும் இல்லையாம். "உங்க ஊருல வாழத் தோட்டம் இருக்குமில்லம்மா? ஒரே காத்துத்தான் அடிக்குது. ஒரு மரம் சாயுது, ஒரு மரம் நிக்குது. சாஞ்ச மரத்து மேல என்ன தப்பு? வேர் அப்படி. முன்னாலயே தெரிஞ்சா முட்டுக் குடுத்து நிறுத்திக்கலாம்"னாரு. "எம்பொண்ணு வாழையாங்க?"ன்னு கேட்டுப்போட்டேன். மருந்தும் அப்படித்தானாம். அக்கா தங்கச்சி, அம்மா, சின்னம்மான்னு ரத்த சொந்தத்துல ஒருத்தருக்குக் கேட்ட மருந்து இன்னொருத்தருக்கும் கேக்க வாய்ப்பு இருக்குதாம். நிச்சயம்னு சொல்ல முடியாதாம், ஆனாக் கண்ணக் கட்டிக்கிட்டுத் தேடறதுக்கு அது ஒரு தடமாம். முன்னாலயே சொல்லியிருந்தா அங்கிருந்தே ஆரம்பிச்சிருப்பேன்னாரு. என்னையப் பாத்துத்தான் சொன்னாரு. கோகிலா முன்னாலயே! அவ மாத்திரையவேதான் எழுதியும் குடுத்தாரு.

குணமாச்சான்னா? ஆச்சுங்க. ரெண்டு மூணு மாசத்துல ஆச்சு. ஒரு நாளைக்கு எந்திரிச்சு, "அம்மா, பசிக்குது, ராகிக்களி இருக்குதா"ன்னு கேட்டா. எனக்கு அடுப்படியில அழுகையே வந்துருச்சு. ஆனா மாத்திரையிலன்னு நெனைக்காதீங்க. அந்த வாரந்தான் நான் கொலதெய்வத்துக்குக் கெடா வெட்டிப் பொங்கல் வெச்சேன். கோகிலா என்னமோ அவ மாத்திரைதான் காப்பாத்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறா. நெனச்சுக்கட்டும்.

இதோட முடிஞ்சிருந்தாக்கூட நான் பேசாம இருந்திருப்பேன். எம்பொண்ணு என்ன பண்ணுனா தெரியுங்களா? தெளிஞ்சு எந்திரிச்சதும் முத வேலையா தாராபுரத்துப் பையனுக்குப் போனப் போட்டு, எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. தாத்தன், சின்னம்மா, வாய்க்கா மேடு, ஒண்ணு உடாம. "மறைச்சுக் கட்டிக்கிட்டா நாளைக்கு நான் மாத்திரைய எங்கேம்மா ஒளிச்சு வைப்பேன்"ங்கறா எங்கிட்ட! மக்காநாளு புரோக்கரு வந்து, சாதகம் பொருந்தலைன்னு சொல்லிட்டுப் போயிட்டான். பொருத்தம் பாத்துப் பத்து மாசத்துக்குப் பொறகு சாதகம் பொருந்தலையாம்! அன்னைக்குப் போனதுதான். அதுக்கப்பறம் ஒரு எடம் அமையல. கோகிலா வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னைக்கு எனக்குப் பேரன் பேத்தி இருந்திருக்கும். எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டு இப்ப அவ பொண்ணுக்கு மட்டும் பெங்களூரு மாப்பிள்ளை பாக்கறா. பகவான்னு ஒருத்தன் இருக்கானுங்க.

ஏனுங்க, எந்திரிக்கறீங்க? தாரணியப் பத்தி நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே? தங்கமான பொண்ணுங்க. தாத்தன் அப்படி, பெத்தவ இப்படி, அதுக்கு அந்தப் புள்ள என்ன பண்ணும்? சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்பாங்க, ஆனா அது இன்னும் இந்தப் புள்ளைக்கு வரல. வராமயும் போலாம். டாக்டரே சொல்லியிருக்கறாரு. நீங்க உங்க மனசுக்கு எது படுதோ பண்ணுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க.

வண்டிச் சத்தம் கேக்குது, எம்பொண்ணு வந்துட்டா. என்னடி இன்னைக்கு வெள்ளேன வந்துட்ட, பொழுதே இன்னும் சாயலையே? இவிய காங்கேயத்துல இருந்து வந்திருக்கறாங்க. தாரணியக் கேட்டு வந்தவங்க. சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். நான் ஒண்ணும் சொல்லலடி. எதுக்கு மொறைக்கற? ஆமா, சொன்னேன், அதுக்கென்ன? ஊரறிஞ்ச கதைதான?

பாத்தீங்களா இவ பேசறத? "அம்மா எல்லாஞ் சொல்லியிருப்பாங்க, ஒண்ணு மட்டும் சொல்லியிருக்க மாட்டாங்க"ளாம். என்னடி சொல்லல? அட, இவளப் பாருங்க. "எங்க ஊட்டுல இருக்கறவங்கள்ல மருந்து சாப்பிடாம கஷ்டப்படறது எங்கம்மா ஒருத்திதான்"கறா! வந்தவங்ககிட்ட இப்படியாடி சொல்லுவே? எனக்கு வாயுடி! எத்தனை தடவை சொல்றது?

நீங்க இவ பேச்சக் கேக்காதீங்க. உங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க. என்னங்க, மறுக்கா உக்காந்துட்டீங்க?

என்ன கேட்டீங்க?

எதுக்கு அந்த மாத்திரை பேரு? அந்த டாக்டரு எங்க இருக்கறாருன்னு உங்களுக்கு எதுக்குங்க? ஆருக்கு?

உங்க பையனுக்கா? பெங்களூருப் பையனுக்கா? வேலைய உட்டுட்டு வந்து ஊட்டுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கறானா? எத்தனை மாசமா? கல்யாணம் பண்ணி வெச்சாச் செரியாப் போயிரும்னு ஆருங்க சொன்னது உங்களுக்கு? அப்ப நீங்க விசாரிக்க வந்தது எங்க பக்கத்துல இருக்குதான்னு இல்ல, இருந்தா உங்க பையனுக்கு இருக்கறத ஆரும் கண்டுக்க மாட்டாங்கன்னு. அப்படித்தானுங்க?

நல்லா இருக்குதுங்க நாயம்! இத்தனை நேரம் குத்துக்கல்லாட்டம் உக்காந்து எங்கூட்டுக் கதையெல்லாம் வாங்கிக்கிட்டு, உங்க கதைய முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தீங்களா? எங்க தாரணிய இப்படி ஒரு எடத்துல நாங்க குடுக்க மாட்டமுங்க. பேச்சில்லைன்னா என்ன, அவ என் தங்கச்சி மக. நாளைக்கே கோகிலாகிட்ட நான் போயிச் சொல்லுவேன். மறைக்கறது எப்பேர்ப்பட்ட பாவம்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? பெத்த புள்ள உசுரோட வெளையாடறீங்களே, நீங்கெல்லாம் ஒரு தாயா?

நீ எதுக்குடி குறுக்க வர? என்ன சொல்லிக்கிட்டு இருக்கறே அவியகிட்ட? "பேர வெச்சு நீங்களா வாங்கிக் குடுத்துராதீங்க, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, போறப்ப நானும் வரேன்"னா? நீ எதுக்குடி போகோணும்? உனக்கும் அவியளுக்கும் என்ன ஒறவு? கல்யாணம் பேசறத நிறுத்துங்க, முதல்ல பையனப் பாருங்கன்னு சொல்லறதுக்கு நீ என்ன டாக்டரா?

மைதிலி, அந்தம்மா கைய எதுக்குடி புடிச்சுக்கிட்டு நிக்கற? அழுவறாங்களா? அழுவட்டும் உடு. நாங்கெல்லாம் அழுவலையா? பச்சை ஒடம்போட பல்லியப் பாத்துக்கிட்டுக் கெடந்தப்போ நான் அழுவலையா? உங்கப்பன் போனப்ப ஒரு வருசம் நான் அழுவலையா? இன்னைக்கு வெடியால கூட, நீ வேலைக்குப் போனதுக்கப்பறம் நான் அழுவலையா?

அப்பெல்லாம் எங்கைய ஆருடி வந்து புடிச்சா?